நார்மல் என்று எழுதிய குழாய்

அந்த ஆய்வகத்தில் அவளுக்குப் பட்டப்பெயர் நீதிபதி. முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. முதுகுக்குப் பின்னால் சொல்வது அவளுக்கும் தெரியும். தெரிந்து கோபப்பட்டாளா என்றால், அதுதான் இல்லை, உள்ளுக்குள் பூரித்துத்தான் போனாள். இயந்திரம் ஓடி முடித்துத் திரையில் வரைபடம் வந்ததும், மற்றவர்கள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காருவதற்குள் இவள் நின்றபடியே ஒரு பார்வை பார்ப்பாள். "இருக்கு" என்பாள், இல்லாவிட்டால் "இல்ல" என்பாள். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

ஆஸ்பத்திரியின் பின்பக்கம், சலவைக்கூடத்துக்கு மேல்மாடியில் இருந்தது ஆய்வகம். கீழே துணி துவைக்கும் இயந்திரங்கள் சுற்றத் தொடங்கினால் மேலே மேசையில் வைத்த தேநீர்க் கோப்பை நடுங்கும். பரம்பரை நோய் என்று சந்தேகப்பட்டு டாக்டர்கள் அனுப்பும் ரத்தம் இங்கே வரும். அதிலிருந்து டிஎன்ஏவைப் பிரித்து, சந்தேகப்பட்ட இடத்தை எழுத்து எழுத்தாகப் படித்து, பிழை இருக்கிறதா இல்லையா என்று சொல்வது இவர்கள் பிழைப்பு.

ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் நோயாளிகளின் மாதிரிகளோடு ஆரோக்கியமான ஒருவரின் மாதிரியும் ஓட வேண்டும், பக்கத்தில் வைத்து ஒப்பிட. அதை வெளியிலிருந்துதான் வாங்குவார்கள். ஒருமுறை அது தீர்ந்துபோய், அடுத்தது வந்து சேராத அவசரத்தில், இவள் தன் கையிலேயே ஊசியைக் குத்தி ரத்தம் எடுத்து, டிஎன்ஏ பிரித்து, குழாயின் மேல் 'நார்மல்' என்று எழுதி ஃபிரீசரில் வைத்தாள். வேலை நடந்தது. நடக்கிற வண்டியை யார் நிறுத்திப் பார்ப்பார்கள்? அன்றிலிருந்து அங்கே வந்த ஊர்ப்பட்ட ரத்தமெல்லாம் இவள் ரத்தத்தோடு ஒப்பிட்டுத்தான் நல்லது கெட்டது என்று பேர் வாங்கியது. "இங்க அளவுகோலே நான்தான்" என்று தனக்குள் சொல்லிச் சிரிப்பாள்.

சிரிக்கட்டும். ஆனால் அந்தச் சிரிப்பில் ஒரு குழந்தையின் வாழ்க்கை மாட்டிக்கொண்டது. அதற்கு அப்பன் உண்டா இல்லையா என்பதே இவள் வாயில் வந்து நின்றது. அந்த வயிற்றெரிச்சலைத்தான் சொல்ல வந்தேன்.

இவளுக்கு ஒரே தம்பி. அப்பா அம்மா சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டதால் அவனை வளர்த்து, படிக்க வைத்து, ஆளாக்கியது இவள்தான். தம்பிக்காகத்தான் கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள், இவளும் மறுத்ததில்லை. அப்படி வளர்த்தவன் ஒருநாள் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு வந்து நின்று, "அக்கா, இவளைத்தான் கட்டிக்கப் போறேன்" என்றான். கேட்கவில்லை, சொன்னான். அங்கேயே விழுந்தது முதல் கீறல்.

அந்தப் பெண் ஒரு கண்ணாடிக் கடையில் கண் சோதித்துப் பவர் பார்க்கிறவள். அவள் செய்த குற்றம் என்னவென்று கேட்டால் இவளுக்கே சொல்லத் தெரியாது. வாய்விட்டுச் சிரித்தாள். தட்டில் இருந்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள். போகும்போது, "அக்கா, கண்ணைச் சுருக்கிச் சுருக்கிப் பாக்கறீங்க, பவர் ஏறியிருக்கும். கடைக்கு வாங்க, நானே பாத்துத் தரேன்" என்றாள். அக்கறையாகச் சொன்னதுதான். ஆனால் வரைபடத்தை ஒரே பார்வையில் படிக்கிறவளிடம் போய்க் கண் சரியில்லை என்றால் பொறுக்குமா? அன்றைக்கே மனசுக்குள் அவளுக்கு ஒரு பேர் வைத்துவிட்டாள், கண்ணாடிக்காரி என்று. கல்யாணமாகி, அவள் "அக்கா, அக்கா" என்று உருகிய காலத்திலும் அந்தப் பேர் மாறவில்லை.

பெண் குழந்தை பிறந்தது. சிட்டு என்று கூப்பிட்டார்கள். பிறந்த கொஞ்ச நாளிலேயே பால் குடித்தால் வாந்தி, கண்ணில் மஞ்சள், வயிறு கல் மாதிரி. குழந்தை டாக்டர் ரத்தத்தை இவள் ஆய்வகத்துக்கே அனுப்பினார். பாலில் இருக்கிற ஒரு சர்க்கரையை உடம்பு உடைக்க முடியாத பரம்பரை நோய் என்று தெரிந்தது. பெற்றவள் பாலே பிள்ளைக்கு விஷம், பாருங்கள் கொடுமையை. பாலை நிறுத்தி வேறு மாவு கொடுத்ததும் குழந்தை தேறியது. அந்த மட்டும் இவள் செய்த நல்லது, அதை இல்லையென்று சொல்லிவிட முடியாது. குழந்தையைக் காப்பாற்றியது இவள் படித்த எழுத்துதான்.

அதோடு நிறுத்தியிருக்கலாம்.

"எதுக்கும் உங்க ரெண்டு பேரோட ரத்தத்தையும் பாத்துடறேன். அடுத்த குழந்தைன்னு வந்தா உதவும்" என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை தம்பி வீட்டுக்கு ஊசியோடு போனாள். டாக்டர் கேட்கவில்லை, யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. தம்பி சட்டைக் கையை மடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான், ஊசி என்றால் சின்ன வயதிலிருந்தே பயம். கண்ணாடிக்காரி குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு கையை நீட்டினாள்.

"இந்த ரத்தத்தை வச்சு என்னக்கா பண்ணுவீங்க?"

இவளுக்குப் பாடம் எடுக்கக் கசக்குமா? "நம்ம ஒவ்வொருத்தர் கிட்டயும் ஒவ்வொரு பாடமும் ரெண்டு பிரதி இருக்கும். ஒண்ணு அப்பா குடுத்தது, ஒண்ணு அம்மா குடுத்தது. ஒரு பிரதி கெட்டாலும் இன்னொண்ணு சமாளிச்சுக்கும். ரெண்டும் கெட்டாத்தான் நோய். சிட்டுக்கு ரெண்டும் கெட்டிருக்கு. அப்ப உங்க ரெண்டு பேருக்கும் ஆளுக்கு ஒண்ணு கெட்டிருக்கணும். அதைத்தான் படிக்கப் போறேன்."

"படிக்கறதுன்னா? அதுவாவே உடம்புக்குள்ள காப்பி ஆகிட்டுத்தானே இருக்கும்னு பள்ளிக்கூடத்துல சொன்னாங்க?"

"அது வேற, இது வேற. ஒரு செல்லு ரெண்டாகும்போது உள்ள இருக்கறதை மொத்தமா காப்பி அடிக்கும். ரெண்டு பிரதியையும், ஒரு எழுத்து விடாம. பிரிக்கறதுக்கு ஒரு ஆளு, எழுதறதுக்கு ஒரு ஆளு, தப்பு வந்தா அழிச்சுத் திருத்தறதுக்கு ஒரு ஆளுன்னு அங்க ஒரு ஆபீஸே நடக்கும். ஆனா என்ன எழுதறோம்னு அதுக்குத் தெரியாது. நல்லதோ கெட்டதோ, இருக்கறதை அப்படியே எழுதும். நாங்க அப்படியில்ல. சூடு பண்ணிப் பிரிச்சு, எங்களுக்கு வேணுங்கற ஒரு சின்னத் துண்டை மட்டும் எழுத விடுவோம். நடுவுல வால் நறுக்கின எழுத்துகளைக் கலந்து வைப்போம். அதுல ஒண்ணு போய் உக்காந்தா காப்பி அங்கயே நின்னுடும். நின்னு நின்னு போன துண்டுகளைக் குட்டையானதுல இருந்து நெட்டையானது வரைக்கும் வரிசைப்படுத்தி, ஒவ்வொண்ணோட கடைசி எழுத்து என்ன கலர்னு மெஷின் பாக்கும். அவ்வளவுதான்."

"நிறுத்தித்தான் படிக்கணுமா? பாவமா இருக்கே!" என்று சிரித்தாள் அவள். பிறகு கேட்டாள்: "எந்த இடத்துல ஆரம்பிக்கணும்னு அதுக்கு எப்படித் தெரியும்?"

"அதுக்கு பிரைமர்னு ஒரு குட்டித் துண்டு முன்கூட்டியே செஞ்சு வாங்கி வச்சிருக்கோம். அது தனக்குப் பொருத்தமான இடத்துல போய் ஒட்டிக்கும். அங்கேருந்து காப்பி ஆரம்பிக்கும்."

"ஒட்டலைன்னா?"

"ஒட்டும்" என்றாள் நீதிபதி, பஞ்சை அவள் கையில் அழுத்தி.

நோயாளிகளின் மாதிரிகள் ஓடும்போது இயந்திரத் தட்டில் மிச்சமிருந்த காலிக் குழிகளில் இந்த இரண்டையும் போட்டு ஓட்டினாள். வரைபடம் வந்தது, நிறம் நிறமான குன்றுகள் வரிசையாக. கண்ணாடிக்காரிக்கு அந்தக் குறிப்பிட்ட இடத்தில் இரண்டு நிறக் குன்று ஒன்றின் மேல் ஒன்று ஏறி நின்றது: ஒரு பிரதி நல்லது, ஒரு பிரதி கெட்டது. எதிர்பார்த்ததுதான். தம்பிக்கு ஒரே குன்று, சுத்தம். பக்கத்தில் 'நார்மல்' குழாயின் வரைபடத்தை வைத்துப் பார்த்தாள். அச்சு அசலாகப் பொருந்தியது. பொருந்தாமல் என்ன, ஒரே வயிற்றில் பிறந்த ரத்தம்.

குழந்தைக்கு இரண்டும் கெட்டது. தாய்க்கு ஒன்று. தகப்பனுக்கு ஒன்றுமில்லை. அப்படியென்றால் அந்த இரண்டாவது எங்கிருந்து வந்தது?

இந்த மாதிரி வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அந்த ஆய்வகத்தில் ஒரு விதி உண்டு. விதி போட்டது ஆய்வகத் தலைவி, எல்லோரும் டாக்டரம்மா என்று கூப்பிடும் பெரியவர். "ஆளைச் சந்தேகப்படறதுக்கு முன்னாடி பிரைமரைச் சந்தேகப்படுங்க. ஒரு பிரதியில அது ஒட்டாம போயிருந்தா, அந்தப் பிரதி காப்பியே ஆகியிருக்காது. இன்னொண்ணை மட்டும் பாத்துட்டு ரெண்டும் நல்லாருக்குன்னு நினைச்சுப்போம். வேற பிரைமர் போட்டு ஓட்டாம வாயைத் திறக்காதீங்க" என்பார். வேறொரு நோய்க்கு வந்த லாரி டிரைவர் குடும்பத்துக்கு இதே கணக்கு உதைத்தபோது, வரைபடத்தை நிறுத்தி வைத்து, வேறு பிரைமர் போட்டு, இத்தனைக்கும் காரணம் ஒட்டாத பிரைமர்தான் என்று கண்டுபிடித்தது யார் தெரியுமா? இவளேதான். டாக்டரம்மா எல்லோர் முன்னாலும் கைதட்டினார்.

முகம் தெரியாத டிரைவர் பெண்டாட்டிக்குக் கிடைத்த நியாயம் தம்பி பெண்டாட்டிக்குக் கிடைக்கவில்லை. மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள், இங்கே மாமியார் இல்லாத குறையை நாத்தனார் தீர்த்துவைத்தாள். வேறு பிரைமர் அலமாரியில் இல்லை, ஆர்டர் செய்து வரவழைக்க வேண்டும், அதற்கு டாக்டரம்மா கையெழுத்து வேண்டும், யார் ரத்தம் என்று கேட்பார். இதெல்லாம் சாக்கு. உண்மை என்னவென்றால், வரைபடத்தைப் பார்த்த அந்த நொடியில் இவளுக்கு அதிர்ச்சி வரவில்லை. 'நினைச்சேன்' என்றுதான் மனசு சொன்னது.

தம்பியை ஆஸ்பத்திரி கேன்டீனுக்கு வரச் சொன்னாள்.

"உன் கிட்ட அந்தப் பிழை இல்ல" என்றாள்.

"நல்லதுதானே அக்கா?"

"உன் கிட்ட இல்லைன்னா சிட்டுக்கு எங்கேருந்து வந்துச்சு?"

அவன் புரியாமல் பார்த்தான். புரிந்தது. கையில் இருந்த தேநீர் மேசையில் கொட்டியது. "மெஷின் தப்பாச் சொல்லாதா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டான்.

"என் ரத்தத்தோட வச்சுப் பாத்தேன்டா. நீயும் நானும் ஒரு எழுத்து மாறல."

அதற்கு மேல் அவன் கேட்கவில்லை. அவனை வளர்த்தவள் சொல்லிவிட்டாள், இயந்திரம் சொல்லிவிட்டது, பிறகென்ன? கட்டினவளிடம் அவன் கேட்டது அன்று சாயங்காலம். இவளும் கூடவே போய் நடுவீட்டில் நின்றாள். நியாயம் வழங்கிய இடத்தில் நீதிபதி இருக்க வேண்டாமா?

கண்ணாடிக்காரி குழந்தைக்கு மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். கேட்டதும் கரண்டி நின்றது. முதலில் சிரித்தாள், விளையாட்டு என்று நினைத்து. புருஷன் முகத்தைப் பார்த்தாள், நாத்தனார் முகத்தைப் பார்த்தாள், சிரிப்பு போய்விட்டது.

"நீங்க நம்பறீங்களா?" என்று அவனிடம் கேட்டாள்.

"அப்பா யாருன்னு பாக்கறதுக்குன்னே தனி டெஸ்ட் இருக்கு. அது வேற லேப், நேர்ல போய்த்தான் ரத்தம் குடுக்கணும். நீயும் சிட்டுவும் குடுத்தா ஒரு வாரத்துல தெரிஞ்சுடும். மடியில கனம் இல்லைன்னா வழியில பயம் எதுக்கு?" என்று இவள் நடுவில் புகுந்தாள்.

"நான் உங்க கிட்டப் பேசல. அவர் கிட்டக் கேக்கறேன். நீங்க நம்பறீங்களா?"

அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "டெஸ்ட் எடுத்துடலாமே" என்றான்.

"உங்க கூடப் படுத்து எந்திரிச்சவ சொல்றது பத்தாது, ஊசி சொல்லணும். இல்லையா?" அவள் குரல் உயரவே இல்லை. "என் குழந்தைக்கு ஏற்கெனவே குத்தின இடமெல்லாம் புண்ணு. உங்க சந்தேகத்துக்காக இன்னொரு குத்து குத்த விடமாட்டேன். அப்பன்னு நீங்க சொன்னா அப்பன். சொல்ல முடியலைன்னா விடுங்க."

மறுத்தாள் பாருங்கள், அதுதான் சாட்சி என்றாகிவிட்டது. நெருப்பில்லாமல் புகையுமா என்று இவள் தம்பிக்கு எடுத்துச் சொன்னாள், ஒரு தடவை இல்லை, நூறு தடவை. அவள் குழந்தையையும் மாவு டப்பாவையும் எடுத்துக்கொண்டு தன் அக்காள் வீட்டுக்குப் போனாள். யாரும் தடுக்கவில்லை. பிறகு வக்கீல், கோர்ட், கையெழுத்து. குழந்தையை யாரும் கேட்கவில்லை, அவளும் யாரிடமும் எதையும் கேட்கவில்லை.

நாலைந்து வருஷம் போயிற்று. தம்பி மறுபடி அக்காள் வீட்டுக்கே வந்து சேர்ந்தான், அவளும் அவனுக்குப் பிடித்ததாகச் சமைத்துப் போட்டாள். ஆறினாற்போல் ஆனதும், ஆபீசில் கூட வேலை செய்யும் ஒருத்தியோடு அவனுக்கு மறு கல்யாணம் பேசி முடித்தார்கள். இந்த முறை அவன் அக்காவைக் கேட்டுவிட்டுத்தான் சரி சொன்னான். இவளுக்கு அதில் எவ்வளவு நிம்மதி!

அப்போதுதான் ஆய்வகத்தில் அந்த நோய்க்கான பழைய பிரைமர் தீர்ந்து, புதிதாக வடிவமைத்தது வந்தது. பழையது ஒட்டும் இடத்துக்கு வெகுவாக முன்னாலேயே ஒட்டுவது. புதிது எது வந்தாலும் முதலில் 'நார்மல்' குழாயில் ஓட்டிப் பார்ப்பார்கள். ஓட்டினாள். டாக்டரம்மா பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். கீழே சலவை இயந்திரம் சுற்றிக்கொண்டிருந்தது.

"இது எந்த பேஷண்டோடது?" என்று திரையைக் காட்டிக் கேட்டார் டாக்டரம்மா.

இவள் பார்த்தாள். அந்த இடத்தில் இரண்டு நிறக் குன்று, ஒன்றின் மேல் ஒன்று.

"பேஷண்ட் இல்ல மேடம். நார்மல்."

"நார்மலா? இவங்க கேரியராச்சே! நோய் வராது, ஆனா ஒரு பிரதி கெட்டது. யாரோடது இது?"

"என்னோடது."

டாக்டரம்மா மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "உன் ரத்தத்தை வச்சா இத்தனை நாளா ஊரை அளந்துக்கிட்டிருந்தோம்?"

அவரே வரைபடத்தைத் தொடக்கத்திலிருந்து ஓட்டிப் பார்த்தார். பழைய பிரைமர் ஒட்ட வேண்டிய இடத்தில், அதன் நுனி உட்காரும் இடத்திலேயே, இவளுடைய ஒரு பிரதியில் ஓர் எழுத்து மாறியிருந்தது. நோய்க்கும் அதற்கும் சம்பந்தமில்லை. முகத்தில் மச்சம் மாதிரி, சில குடும்பங்களில் இருக்கும். ஆனால் அந்த மச்சத்தால் பிரைமர் அங்கே ஒட்டவில்லை. ஒட்டாததால் அந்தப் பிரதி காப்பியாகவே இல்லை. அந்தப் பிரதியில்தான் பிழை இருந்தது.

"செல்லுக்குள்ள இந்தக் கூத்து நடக்காது, பாத்தியா?" என்றார் டாக்டரம்மா, பாதி தனக்குத்தானே. "அங்கயும் தொடங்கறதுக்கு ஒரு துண்டு வேணும்தான். ஆனா அது தனக்கு முன்னாடி என்ன எழுத்து இருக்கோ அதைப் பாத்து, அதுக்குப் பொருத்தமா அங்கயே செஞ்சுக்கும். வேலை முடிஞ்சதும் அதை எடுத்துட்டு, அந்த இடத்தையும் நிரப்பிடும். நாமதான் இப்படித்தான் இருக்கும்னு முன்னாடியே முடிவு பண்ணித் தொடக்கத்தைக் கையில எடுத்துட்டு வரோம். பழைய பிரைமர்ல 'இல்ல'ன்னு சொன்னவங்க எல்லாரையும் மறுபடி ஓட்டு. தப்பா இருந்தா கூப்பிட்டு மன்னிப்புக் கேப்போம். லிஸ்டுக்கு வெளிய யாராவது உண்டா?"

"இல்ல" என்றாள் நீதிபதி. வாய் பழகிப்போயிருந்தது.

டாக்டரம்மா போனதும் ஃபிரீசரைத் திறந்தாள். தம்பியின் குழாய் இன்னும் மூலையில் கிடந்தது, குழந்தையுடையதும், கண்ணாடிக்காரியுடையதும். மூன்றையும் புதிய பிரைமரில் ஓட்டினாள். முடியும்வரை இயந்திரத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள், சாப்பிடப் போகவில்லை. தம்பியிடம் இரண்டு குன்று. மச்சமும் இருந்தது. அதே மச்சம் குழந்தையிடமும் இருந்தது. கண்ணாடிக்காரியிடம் இல்லை.

தம்பியின் உடம்பு தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருந்தது. நல்லது கெட்டது பார்க்காமல், மச்சத்தோடும் பிழையோடும், ஒரு எழுத்து விடாமல் எழுதி மகளிடம் கொடுத்திருந்தது. படிக்கத் தெரிந்தவள்தான் பாதியில் நிறுத்தியிருந்தாள். மேசையில் தலையை வைத்து அழுதாள். அழுது என்ன? தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடிக்கிற கதைதான்.

அன்றே தம்பியிடம் சொன்னாள். கல்யாணத்துக்கு எடுத்த புதுச் சட்டையைப் போட்டுக் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டிருந்தான். முழுக்கக் கேட்டான். சட்டையைக் கழற்றாமலே கட்டிலில் உட்கார்ந்தான்.

"முதல்ல தப்பாச் சொன்ன மெஷின் இப்ப மட்டும் சரியாச் சொல்லுதுன்னு எப்படி நம்பறது?" என்றான்.

இவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. "அன்னிக்கு நம்பினியேடா!"

"நீ சொன்னே, நம்பினேன்."

"இன்னிக்கும் நான்தானே சொல்றேன்?"

அவன் பொத்தானைப் போட்டான், கழற்றினான், மறுபடி போட்டான். "எல்லாம் கூடி வர நேரத்துல இதை ஏன்க்கா கிளப்பறே? சரி, அவ கிட்டக் கேட்டுப் பாரு. அந்த அப்பா டெஸ்ட்டுக்கு இப்பவாவது ஒத்துக்கிட்டா... அது வரட்டும், அப்புறம் பாக்கலாம்."

கெட்டது சொன்னபோது ஒரு டெஸ்ட் போதுமாக இருந்தது அவனுக்கு. நல்லது சொல்ல இரண்டு வேண்டுமாம். இவள் அவனைத் திட்ட வாயெடுத்தாள். வளர்த்தது யார் என்று நினைவு வந்தது, மூடிக்கொண்டாள்.

கண்ணாடிக் கடை பேருந்து நிறுத்தத்துக்கு எதிரில் இருந்தது. சுவர் நிறைய ஃபிரேம்கள், உள்ளே திரை போட்ட சின்ன அறை. கண்ணாடிக்காரி வெள்ளைக் கோட்டில் இருந்தாள், கொஞ்சம் இளைத்திருந்தாள். இவளைப் பார்த்ததும் ஒரு நொடிதான், பிறகு கடைக்கு வருகிறவர்களிடம் பேசும் குரல் வந்துவிட்டது.

"வாங்க மேடம். கண் டெஸ்டா?"

அக்கா போய் மேடம் வந்திருந்தது. வெளியே இரண்டு பேர் காத்திருந்தார்கள், வேறு பேச்சு பேச இடமில்லை. இவள் தலையாட்டினாள். உள்ளே நாற்காலியில் உட்கார வைத்து, கனமான சோதனை ஃபிரேமை மூக்கில் மாட்டி, வலது கண்ணுக்குக் கறுப்புத் தகட்டைச் செருகினாள் அவள்.

"படிங்க."

இவள் எழுத்துகளைப் படிக்கவில்லை. படித்ததையெல்லாம் சொன்னாள். பிரைமர், மச்சம், நார்மல் குழாய், டாக்டரம்மாவின் விதி, லாரி டிரைவர், அந்த விதியைத் தான் மீறியது. ஒன்றையும் மறைக்கவில்லை. "உன் மேல தப்பே இல்ல. சிட்டு எங்க ரத்தம்தான்" என்று முடித்தபோது ஃபிரேமுக்குள் கண் நனைந்திருந்தது.

கண்ணாடிக்காரி கையில் ஒரு லென்ஸைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். துடைத்து முடித்து அதன் இடத்தில் வைத்தாள்.

"இதுல எனக்கு என்ன புதுசு? என் குழந்தைக்கு அப்பா யாருன்னு எனக்குத் தெரியாதா? இது எனக்கு வந்த ரிசல்ட் இல்ல, மேடம். உங்களுக்கு வந்த ரிசல்ட்." பிறகு கேட்டாள்: "அவருக்குத் தெரியுமா?"

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னார்?"

பொய் சொல்லியிருக்கலாம். துடித்துப் போய்விட்டான், வாசலில் நிற்கிறான் என்று சொல்லியிருக்கலாம். "அந்த அப்பா டெஸ்ட்... இப்ப ஒத்துக்கிட்டா..." என்று இழுத்தாள்.

வாய்விட்டுச் சிரித்தாள் அவள். பழைய சிரிப்புதான். ஆனால் கேட்க முடியவில்லை. "இன்னும் படிச்சு முடிக்கலையா நீங்க ரெண்டு பேரும்? முடியாது. அன்னிக்கு அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அவ அப்பா அவர். இப்ப ரத்தம் சொல்லி என்ன ஆகப்போகுது? வேணாம்னு நான் முடிவு பண்ணிட்டேன். மறு கல்யாணம் பேசியிருக்கறது என் காதுக்கும் வந்துச்சு. போய்ச் சொல்லுங்க, நல்லபடியா பண்ணிக்கச் சொல்லுங்க."

லென்ஸ்களை மாற்றி மாற்றிப் போட்டு இடது கண்ணால் படிக்க வைத்துவிட்டு, கறுப்புத் தகட்டை வலது கண்ணிலிருந்து எடுத்து அதற்கு மாற்றினாள். "இப்ப இதைப் பாப்போம். ஒரு கண்ணை மட்டும் பாத்துட்டு ஆளை அனுப்பற பழக்கம் இங்க இல்ல."

அப்போது திரை விலகியது. பள்ளிக்கூடப் பையும் தண்ணீர் பாட்டிலுமாக ஒரு சிறுமி. இவளுக்கு ஒற்றைக் கண்ணில், பவர் இல்லாத மங்கலில்தான் தெரிந்தது, ஆனால் தெரிந்தது. நெற்றியில் படியாமல் சுழித்து நிற்கும் முடி, முன்பல் ஒன்றின் மேல் ஒன்று ஏறின வாய், கேட்பதற்கு முன் தலையை ஒரு பக்கம் சாய்ப்பது. அந்த வயதில் தம்பி எப்படியோ அப்படியே, உரித்து வைத்த மாதிரி. அந்த முடியைத் தண்ணீர் தொட்டுத் தொட்டு வாரிவிட்டவள் இவள்தானே! பைத்தியம் பிடித்தவள் மாதிரி கை தானாக நீண்டது.

"அம்மா, கடையில அங்கிள் மிட்டாய் குடுத்தாங்க. இதுல பால் இருக்கா?"

"இருக்கும்டா. அங்கிளுக்கே குடுத்துடு."

சிறுமி தலையாட்டினாள், பழகினவள். பிறகு ஃபிரேம் மாட்டிய முகத்தைப் பார்த்துத் தலையைச் சாய்த்தாள். "இவங்க ஏன் அழறாங்க? யாரும்மா இவங்க?"

இவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தாள். அத்தை என்ற ஒரு சொல். கண்ணாடிக்காரி சொல்ல வேண்டியதுகூட இல்லை, சும்மா இருந்தால் போதும், இவளே சொல்லிவிடுவாள்.

"கண்ணுல மருந்து விட்டிருக்கேன், அதான். கண்ணாடிக்கு வந்த ஆன்ட்டி. பை சொல்லிட்டு உள்ள போய் ஹோம்வொர்க் எழுது."

"பை ஆன்ட்டி" என்று கையாட்டிவிட்டு ஓடிப்போயிற்று குழந்தை.

வலது கண்ணையும் பார்த்து முடித்து, ஃபிரேமைக் கழற்றி வாங்கிக்கொண்டு, ஒரு சீட்டில் இரண்டு கண்ணுக்கும் பவரை எழுதி நீட்டினாள் கண்ணாடிக்காரி. "ரொம்ப ஏறியிருக்கு. அன்னிக்கே சொன்னேன். எந்தக் கடையில வேணும்னாலும் போட்டுக்கலாம், இங்கதான்னு இல்ல."

சீட்டை வாங்கிக்கொண்டு திரையை விலக்கி வெளியே வந்தாள் நீதிபதி. பின்னாலேயே அந்தக் குரல், கொஞ்சமும் பிசகாமல்: "அடுத்தவங்க வாங்க."